குடித்தவர் மோதினால் இழப்பீடு கிடைக்காதா?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிச் சாலைகளில் வெளியூர் வண்டிகள் நிறைந்துவிடும். ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் வருகிறவர்களில் சிலர் குடித்துவிட்டே ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார்கள். அப்படி ஒருவர் மோதிக் கால் உடைந்துபோனால், "டிரைவர் குடிச்சிருந்தானாம், இனி இன்சூரன்ஸ் பணம் வராதாம்" என்ற பேச்சு வந்துவிடும். அந்தப் பயத்தில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

குடித்து ஓட்டியது வண்டி உரிமையாளருக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் இடையிலான ஒப்பந்த மீறல். 2019 சட்டத் திருத்தம் அதைக் கம்பெனி எழுப்பக்கூடிய வாதங்களில் ஒன்றாகச் சேர்த்திருப்பது உண்மை. ஆனாலும் 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம், கம்பெனி முதலில் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குப் பணத்தைக் கொடுக்க வேண்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றது. கேரள உயர் நீதிமன்றமும் 2023-ல் இதையே சொன்னது. சாலையோரம் நடந்துபோனவர் அந்த பாலிசியில் கையெழுத்திட்டவர் இல்லையே!

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அந்த அபராதம் அரசுக்குப் போகிறது. அடிபட்டவருக்கான பணத்தை மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில்தான் கேட்க வேண்டும். அங்கே அஜாக்கிரதையாக ஓட்டியதை நிரூபித்தாலே போதும்; குடித்தது உறுதியானால் வழக்கு இன்னும் வலுக்கும். அதனால் ரத்தப் பரிசோதனை நடந்ததா என்று போலீசாரிடம் உடனே கேளுங்கள். நேரம் போகப் போகப் போதையின் தடயம் குறைந்துகொண்டே வரும். ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டின் காப்பியையும் கேட்டு வாங்குங்கள்.

சிகிச்சைக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் இலவசம்.

பலர் ஏமாறுவது ஊனச் சதவீதத்தில். உச்ச நீதிமன்றம் 2010-ல் ராஜ்குமார் வழக்கில், சான்றிதழில் உள்ள சதவீதத்தை அப்படியே வருமான இழப்பாக எடுக்கக் கூடாது, அந்த ஊனம் அவருடைய தொழிலை எவ்வளவு முடக்கியது என்று பார்க்க வேண்டும் என்றது. தென்காசிப் பக்கம் எத்தனை வீடுகள் பீடித் தட்டை நம்பி நடக்கின்றன! மணிக்கட்டு மடங்காத ஒருத்திக்குச் சான்றிதழில் இருப்பது சின்ன எண்ணாக இருக்கலாம். அவளுக்குப் போனது மொத்தப் பிழைப்பும். இதை டாக்டரின் சாட்சியத்திலேயே சொல்ல வைக்க வேண்டும். பீடிக் கம்பெனி பாஸ்புக், பி.எஃப். ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். கூலியை நிரூபிக்க அவைதான் கைகொடுக்கும்.

வெளியூர்க்காரர்கள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் தென்காசிக்கு வந்து போக வேண்டியதில்லை. குற்றாலத்தில் அடிபட்ட ராஜபாளையத்துக்காரர் தம் ஊர் எல்லைக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம்.

விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்கிறது திருத்தச் சட்டம். அந்தக் கெடுவை எதிர்த்த வழக்கில், தாமதத்தைக் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு போட்டது. அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். வக்கீலுக்கு வழியில்லாதவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பே கிடையாது.