கேட்கக் கேட்க மாறும் செவி

ஒரு பாட்டு முதல்முறை காதில் விழும்போது ஒருவிதமாகவும், பத்தாம் முறை வேறுவிதமாகவும் ஒலிப்பதை நேயர்கள் பலரும் உணர்ந்திருப்பர். இசைத்தட்டு மாறவில்லை, கேட்கும் செவியே மாறியிருக்கிறது. இம்மாற்றத்தை விளக்கக் கோலார் தங்கவயலின் கோரமண்டலை நினைவுகூர்வது பொருந்தும்.

வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழர் பல தலைமுறையாக உழைத்த மண் அது. 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டிய தங்கவயல் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. கூரைப் பாறையை இரும்புக் கோலால் தட்டிப் பார்ப்பது சுரங்கத் தொழிலின் பழைய வழக்கம். உறுதியான பாறை கணீரென ஒலிக்கும். பிளவுற்ற பாறை மந்தமாக ஒலிக்கும். புதியவனுக்கு இரண்டும் ஒன்றே. பழகியவனுக்கோ அவ்வேறுபாடு உயிர்காக்கும் அறிவு.

இசையிலும் நிகழ்வது இதுவே. முதலில் மனம் மெட்டைப் பற்றிக்கொள்கிறது. மெட்டு பழகியபின் கவனம் விடுபட்டு, மிருதங்கத்தின் நடையையும் தம்பூராவின் சுருதியையும் நாடுகிறது. பழக்கம் விருப்பத்தையும் வளர்க்கும் என்பதை உளவியல் அறிஞர் ராபர்ட் சயான்ஸ் 1968-இல் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்காட்டினார். அளவு மிஞ்சினால் சலிப்புத் தோன்றுவதும் உண்மையே.

ஒலியின் தரத்தை மதிப்பிடுவதிலும் பழக்கத்திற்குப் பங்குண்டு. சிற்றலையில் வந்த இலங்கை வானொலியின் ஒலி, வான்மண்டலத்தில் பட்டு மீள்வதால் ஏறியும் இறங்கியும் கேட்கும். அவ்வொலியில் வளர்ந்தவருக்குத் தூய ஒலிப்பதிவு ஏதோ குறைந்ததுபோல் தோன்றலாம். புதிய கருவி வாங்குவோர் மற்றொன்றையும் மனத்திற்கொள்ள வேண்டும். ஒரே பாட்டை இரண்டாம் முறை கேட்கையில் நுட்பங்கள் மிகுதியாகப் புலப்படுவது கருவியின் சிறப்பால் மட்டுமன்று. சற்றே உரக்க ஒலிப்பதும் நல்லதாகவே தோன்றும். ஆதலின் இரு கருவிகளையும் ஒரே ஒலியளவில் மாற்றி மாற்றிக் கேட்பதே முறை.

ஆயினும் பழக்கத்தால் ஈடுசெய்ய இயலாத குறை ஒன்றுண்டு. பாறை துளைக்கும் பொறிகளின் பேரொலியில் பல்லாண்டு உழைத்தோர்க்கு உட்செவியின் மயிரணுக்கள் அழியக்கூடும். அவை மீண்டும் வளர்வதில்லை. ஆலைகளில் பணிபுரிவோர்க்கும் இது பொருந்தும். பழகிய பாட்டில் செவி தவறவிடுவதை நினைவு நிரப்பிவிடுவதால், குறை நெடுநாள் வெளிப்படாது. வீட்டுப் பெரியவர் பழைய பாட்டை மகிழ்ந்து கேட்டும், பேரக்குழந்தையின் பேச்சு விளங்காமல் திகைப்பாராயின், அதனை முதுமையின் இயல்பென்று விட்டுவிடாது செவி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் நலம்.