நடந்தால் பசி கூடுமா?

கல்லடிப் பாலத்தில் மாலை வேளைகளில் வாவிக் காற்றை வாங்கியவாறு நடைபயில்வோர் பலர். அவர்களுள் நமது அயல்வீட்டு அம்மையாரும் ஒருவர். நீரிழிவு கண்டிருப்பதால் எடையைக் குறைக்கும்படி வைத்தியர் பணித்திருக்கிறார். “நடந்தால் பசியல்லவா தம்பி கூடுது? பேசாமல் வீட்டிலேயே இருந்தால் என்ன?” என்று அண்மையில் நம்மிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

நியாயமான கேள்விதான். பசி என்பது வயிற்றின் வெறுமை மட்டுமன்று. இரைப்பையிற் சுரக்கும் ‘கிறெலின்’ என்னும் ஓமோன், மூளையை எட்டி ‘உண்’ என்று தூண்டுகிறது. ஜப்பானிய அறிஞர்களான கொஜிமாவும் கங்காவாவும் அவர்தம் குழுவினரும் இதனை 1999இல் கண்டறிந்தனர். உணவு சென்றதும் குடலிலிருந்து பீ.வை.வை. முதலிய ஓமோன்கள் சுரந்து ‘போதும்’ என்று அறிவிக்கின்றன.

இவ்விரு தரப்பினரையும் உடற்பயிற்சி எவ்வாறு அசைக்கிறது? 2009இல் வெளியான இங்கிலாந்து ஆய்வொன்றில், இளைஞர்கள் ஒரு நாள் ஒரு மணி நேரம் ஓடினர். வேறொரு நாள் ஒன்றரை மணி நேரம் பாரம் தூக்கினர். இரண்டிலும் கிறெலின் தாழ்ந்தது. பசியும் சிறிது நேரம் அடங்கியது. ஆனால் பீ.வை.வை. உயர்ந்தது ஓட்டத்தின்போது மட்டுமே. மறு ஆண்டு வெளியான ஆய்வில், ஒரு மணி நேரம் விரைந்து நடந்தவர்களிடம் கிறெலின் மாறவில்லை. அன்று அவர்கள் மிகுதியாக உண்ணவுமில்லை.

நீரில் மட்டும் ஒரு விசித்திரம். 2005இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வின்படி, 20 பாகை வெப்பமுள்ள குளிர்நீரில் பயிற்சி செய்தவர்கள், 33 பாகை நீரிற் செய்தபோது உண்டதைவிட 44 சதவீதம் அதிகமாக உண்டனர். நமது வாவி அத்தகைய குளிரை அறியாதது.

சும்மா இருந்தால் பசி குறையுமா என்பதற்கு விடை வங்காளத்திலிருந்து வந்தது. ஜோன் மேயர் என்னும் அறிஞரும் அவரது துணைவரும் மேற்கு வங்கச் சணல் ஆலையொன்றின் தொழிலாளரை ஆராய்ந்து, 1956இல் முடிவை வெளியிட்டனர். கடின வேலை செய்தோர் அதற்கேற்ப உண்டனர். ஆனால் இருந்த இடத்திலேயே இருந்தவர்கள், இலேசான வேலை செய்தோரிலும் அதிகமாக உண்டு, எடையும் கூடியிருந்தனர்!

ஆயின் அம்மையாரின் பசி பொய்யா? அப்படிச் சொல்ல நமக்குத் துணிவில்லை. மேற்கூறிய நடை ஆய்விலும் ஓட்ட ஆய்விலும் பங்குகொண்டோர் இளைஞர். அவரோ அறுபதைக் கடந்தவர். எடை குறையக் குறையக் கிறெலின் உயர்வதும் உண்மையே. எனினும் ‘இவ்வளவு நடந்தோமே, உண்டால் என்ன’ என்ற எண்ணத்திற்கும் பாலத்தடிக் கடலை வண்டிக்கும் இதிற் பங்குண்டு என்பது நமது ஊகம்.

ஒன்றை மட்டும் அவரிடம் வற்புறுத்தினோம். இன்சுலினோ சில வகை நீரிழிவு மாத்திரைகளோ எடுப்பவருக்கு, நடையின்போது நடுக்கமும் வியர்வையுமாய் எழும் பசி, இரத்தத்திற் சீனி தாழ்ந்ததன் அறிகுறியாகலாம். அதனை அடக்கலாகாது, உடனே இனிப்பு உண்ணவேண்டும்.

இப்போது அவர் கடலை வண்டியைத் திரும்பிப் பாராமலே நடக்கிறார். முந்தானை முடிச்சில் மட்டும் ஒரு சிறு சீனிப் பொட்டலம் இருக்கிறது.