ஒரு கப் முந்திரி எத்தனை கிராம்? ரெசிபிகள் சொல்லாமல் விடும் கணக்கு

காஜு கத்லி ரெசிபியைத் தேடினால் 'ஒரு கப் முந்திரி, அரை கப் சர்க்கரை' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கடையில் முந்திரி கப் கணக்கில் கிடைக்காது. 100 கிராம், 250 கிராம் பாக்கெட்தான். 'கப்னா 250 தானே' என்று முழு பாக்கெட்டையும் மிக்ஸியில் போட்டுவிட்டு, சர்க்கரையை மட்டும் அரை கப் அளந்து எடுத்தால் என்ன ஆகும்? கலவை ஒன்றுசேராது. துண்டு போடும்போது உதிரும். முந்திரி விற்கிற விலைக்கு இது சின்ன நஷ்டம் இல்லை.

சிக்கல் என்னவென்றால், மெஷரிங் கப்பில் போட்டிருக்கும் 240 அல்லது 250 என்பது மில்லி, கிராம் இல்லை. 250 மில்லி தண்ணீர் 250 கிராம்தான். ஆனால் முந்திரியைக் கொட்டினால் நடுநடுவே காற்று இடம் பிடித்துக்கொள்ளும். 240 மில்லி கப்பில் முந்திரி சுமார் 137 கிராம்தான் கொள்ளும். அரை கப் சர்க்கரை சுமார் 100 கிராம். ஆக, அந்த ரெசிபியின் நிஜக் கணக்கு 137க்கு 100. முந்திரி 250 கிராம் என்றால் சர்க்கரை 180 கிராமாவது வேண்டும். அதாவது, ஒரு கப்புக்குச் சற்றுக் குறைவு.

ஆழாக்கு, உழக்கு, படி என்று பாட்டிகள் அளந்ததும் கொள்ளளவில்தான். எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தால் அளந்தவரை விகிதம் தப்பவில்லை. ஒரு பொருளைக் கிராமிலும் இன்னொன்றைக் கப்பிலும் எடுக்கும்போதுதான் கணக்கு உதைக்கிறது.

நறுக்கினால் அளவு மாறுமா?

மாறும். அதுவும் விநோதமாக. ஒரு கப்பில் பாதிப் பாதியான வால்நட் சுமார் 100 கிராம் கொள்ளும். அதையே நறுக்கினால் துண்டுகள் இடுக்குகளில் இறங்கிவிடும். 117 கிராம் வரை பிடிக்கும். சரி, பொடித்தால் இன்னும் கூடும் என்றுதானே நினைப்போம்? இல்லை, 80 கிராமுக்கு இறங்கிவிடும். பொடி உப்பிக்கொண்டு காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் காரணம். பாதாமும் அப்படியே: முழுசாக 143 கிராம், பொடியாக 95 கிராம். பொடியைக் கரண்டியால் அழுத்தினால் இந்த எண்ணும் மாறிவிடும். பாதாம் மாவில் கேக் செய்பவர்கள் கப்பை நம்பாமல் இருப்பதே நல்லது.

ஆங்கில ரெசிபிகளில் ஒரு காற்புள்ளியும் வேலை காட்டும். '1 கப் நறுக்கிய வால்நட்' என்றால் நறுக்கிய பிறகு அளக்க வேண்டும். '1 கப் வால்நட், நறுக்கியது' என்றால் அளந்துவிட்டு நறுக்க வேண்டும். வித்தியாசம் 17 கிராம்.

'பத்து முந்திரி' என்றால்?

குருமாவுக்குப் பெரும்பாலும் எண்ணிக்கைதான் சொல்வார்கள். இதற்கு பாக்கெட்டிலேயே விடை இருக்கிறது. டபிள்யூ 320, டபிள்யூ 180 என்று போட்டிருப்பது பிராண்ட் பெயர் இல்லை. ஒரு பவுண்டில், அதாவது 454 கிராமில், அதிகபட்சம் எத்தனை முழு முந்திரி என்பதைக் குறிக்கும் தரம் அது. எண் குறையக் குறைய முந்திரி பெரிது. டபிள்யூ 320 முந்திரி பத்து எடுத்தால் ஏறக்குறைய 15 கிராம். டபிள்யூ 180 என்றால் 25 கிராம். குருமா ஏன் இந்த முறை இவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்ற கேள்விக்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

கிச்சன் தராசு இருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. இல்லையென்றால், 100 கிராம் முந்திரி பாக்கெட்டைப் பிரித்ததும் வீட்டில் வழக்கமாக அளக்கும் டம்ளரில் கொட்டிப் பாருங்கள். 240 மில்லி கப்பில் முக்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும். உங்கள் டம்ளரில் எங்கே நிற்கிறதோ, அங்கே ஒரு மார்க்கர் கோடு போட்டுக்கொள்ளலாம். பாதாமுக்கு அந்தக் கோடு செல்லாது, தனிக்கோடு வேண்டும். ஊறவைக்க வேண்டிய நட்ஸை ஊறப்போடுவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். ஊறினால் எடை, அளவு இரண்டுமே கூடிவிடும்.