அரைப் பிக்சல் எங்கே ஒளிந்திருக்கிறது?

24-க்கு 24 பிக்சலில் ஒரு ஐகான். இல்லஸ்ட்ரேட்டரில் வரையும்போது கறுப்புக் கோடு பளிச்சென்று இருந்தது. பிஎன்ஜி-யாக எக்ஸ்போர்ட் செய்தால் அதே கோடு சாம்பல் பூத்து, தடித்து, மங்கிப்போய் நிற்கிறது! டிசைனர்கள் தலையில் கை வைக்கும் இந்த இடத்தில்தான் எனக்கு உற்சாகம் பொங்குகிறது. அந்தச் சாம்பலுக்குப் பின்னால் ஒரு கணக்கு ஓடுகிறது. அதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். வாருங்கள், உள்ளே போவோம்.

வியூ மெனுவில் 'பிக்சல் பிரிவியூ'வைப் போடுங்கள். ஜூமை 600 சதவீதத்துக்கு மேல் ஏற்றுங்கள். கட்டம் கட்டமாக விரிகிறதா? இதுவரை மென்பொருள் ஒவ்வொரு ஜூமுக்கும் கோட்டைப் புதிதாக வரைந்து காட்டிக்கொண்டிருந்தது. அதனால் குறையே தெரியவில்லை. இப்போது தெரிவதுதான் பிஎன்ஜி-யில் போய் உட்காரப்போகும் உண்மையான படம்.

இனி அந்தக் கோட்டைப் பிடியுங்கள். டிரான்ஸ்ஃபார்ம் பேனலில் எக்ஸ் மதிப்பு 10. முழு எண்தானே, பிறகு ஏன் மங்குகிறது? இங்கேதான் வேடிக்கை! 10 என்பது ஒரு பிக்சல் அல்ல, இரண்டு பிக்சல்களுக்கு நடுவிலுள்ள எல்லை. நாம் வரையும் பாத்துக்கு அகலமே கிடையாது. ஸ்ட்ரோக் அதன் இருபுறமும் பாதிப் பாதியாகப் படர்கிறது. ஆக, 1 பிக்சல் ஸ்ட்ரோக் 9.5-ல் தொடங்கி 10.5-ல் முடிகிறது. ஒரு அடி டைல் போட்ட தரையில், ஒரு அடி அகலப் பாயை இணைப்புக்கோட்டின் மேல் நடுவாக விரித்தால் இரண்டு டைலும் பாதிப் பாதி மறையுமே, அதேதான். பிக்சலில் பாதியை மட்டும் கறுப்பாக்க வழியில்லை. எனவே மென்பொருள் இரண்டு பிக்சலுக்கும் பாதிக் கறுப்பைத் தருகிறது. பிறந்தது சாம்பல்! பாத்தை 10.5-க்கு நகர்த்துங்கள், அடுத்த நொடி ஒரே வரிசையில் சுத்தக் கறுப்பு. மூடிய வடிவமென்றால் ஸ்ட்ரோக்கை உள்பக்கமாகச் சாய்த்தாலும் போதும். 2 பிக்சல் ஸ்ட்ரோக்குக்கு இந்த வைத்தியமே வேண்டாம், முழு எண்ணிலேயே அழகாக அமரும்.

அரைப் பிக்சலைக் கொண்டுவந்து சேர்ப்பவர்களில் நாம் சந்தேகிக்காத ஓர் ஆளும் உண்டு: 'நடுவில் வை' பட்டன்! 24 பிக்சல் கட்டத்தில் 5 பிக்சல் அகல வடிவத்தை நடுவில் வைத்தால் இருபக்கமும் 9.5. பட்டன் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, ஒற்றைப்படையும் இரட்டைப்படையும்தான் ஒத்துப்போகவில்லை. அகலத்தை 4 அல்லது 6 ஆக்குங்கள். ஆர்ட்போர்டையும் ஒருமுறை பாருங்கள். அதுவே 10.3-ல் நின்றால் உள்ளே எல்லாம் நேராக இருந்தும் பயனில்லை. 100 பிக்சல் படம் 101 ஆக வெளியே வரலாம்.

எனக்கு மிகப் பிடித்த ரகசியம் இனிமேல்தான். பாதியும் பாதியும் சேர்ந்தால் முக்கால்! இரண்டு கறுப்பு வடிவங்களை இடைவெளியே இல்லாமல் ஒட்டி வைக்கிறீர்கள், அவற்றின் பொது எல்லை ஒரு பிக்சலின் நடுவில் விழுகிறது. முதல் வடிவம் அந்தப் பிக்சலில் பாதி வெள்ளையை மறைக்கிறது. அடுத்தது மிச்சமிருக்கும் வெள்ளையில்தான் பாதியை மறைக்கிறது. கால்பங்கு வெள்ளை தப்பித்துவிடுகிறது! லோகோக்களில் நடுவே முடியிழை போல மினுக்கும் அந்த வெள்ளைக் கோடு இதுவேதான். எல்லையை முழு எண்ணுக்குக் கொண்டுவரலாம், அல்லது ஒரு வடிவத்தை மற்றதன் அடியில் கொஞ்சம் நீட்டிவிடலாம்.

இன்னொரு வரைகலை மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் கதை வேறு. அதன் பழைய பதிப்புகளில் ஓர் அங்குலத்துக்கு 90 பிக்சல். 2017-ல் வந்த 0.92 பதிப்பிலிருந்து, இணையத்தின் கணக்குக்கு ஏற்ப, 96. பழைய கோப்பின் அங்குல அளவைக் காப்பாற்றினால் 24 பிக்சல் ஐகான் 25.6 ஆகிவிடும். அந்த 0.6-ஐ வைத்துக்கொண்டு எந்த விளிம்பை நேர்செய்வது?

இந்த அரைப் பிக்சல் தொல்லையே இல்லாமல் வேலை செய்தவர் சூசன் கேர். 1984-ல் வந்த மேக்கிண்டாஷுக்கான ஐகான்களை முதலில் கட்டம் போட்ட தாளில்தான் வரைந்து பார்த்தார்: 32-க்கு 32, மொத்தம் 1,024 கட்டங்கள். ஒவ்வொன்றும் கறுப்பு, இல்லையேல் வெள்ளை. அரை என்ற பேச்சுக்கே இடமில்லை!

இல்லஸ்ட்ரேட்டருக்கு வருவோம். அடோபி 2010-ல், அதன் சிஎஸ்5 பதிப்பில், பிக்சல் கட்டத்தோடு தானாக ஒட்டவைக்கும் வசதியைத் தந்தது. அது வடிவத்தோடேயே ஒட்டிக்கொண்டு பின்னால் வந்தது. மாற்றும்போதெல்லாம் விளிம்பு தானாக நகர்ந்தது, சின்ன வளைவுகள் கோணலாயின. சிசி 2017-ல் வந்த 'மேக் பிக்சல் பெர்ஃபெக்ட்' எனக்கு நெருக்கமானது. நீங்கள் சொன்னால்தான் வேலை செய்யும், கிடைமட்ட, செங்குத்து விளிம்புகளைத்தான் தொடும். அதுதான் நியாயம். வட்டத்துக்கும் சாய்கோட்டுக்கும் அந்தச் சாம்பல் வேண்டும். அது இல்லாவிட்டால் விளிம்பெல்லாம் படிக்கட்டு.

எல்லாம் முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள்! விண்டோஸ் மடிக்கணினிகளில் திரை அளவை 150 சதவீதமாக வைத்திருப்பது சகஜம். எஸ்விஜி ஐகானில் உங்கள் 1 பிக்சல் கோடு அங்கே ஒன்றரை பிக்சல். எங்கே வைத்தாலும் ஒரு பக்கம் மங்கும். அந்தத் திரைகளுக்காக 2 பிக்சல் கோடு போடுங்கள், இரட்டைப்படை எண்ணில் தொடங்குங்கள். 10-ல் தொடங்குவது 15-க்குப் போகும், 12-ல் முடிவது 18-க்குப் போகும். அகலம் சரியாக 3, துளி சாம்பல் கிடையாது!