திடீரென நிறுத்தும் குளிசை

லுணுகலைப் பக்கத் தோட்டங்களில் நாய் வளர்க்காத லயத்தைக் காண்பது அரிது. மரக்கறிப் பாத்திக்குள் காட்டுப்பன்றி இறங்கினால் முதலில் குரல் கொடுப்பது அதுதான். அந்த நாய் இராப்பகலாகச் சொறிந்துகொண்டிருந்தால், வீட்டில் யாருக்கோ இழுப்புக்குக் கொடுத்து எஞ்சிய பிரெட்னிசொலோன் குளிசையைச் சோற்றில் பொதிந்து கொடுத்துவிடுகிறோம். இரண்டொரு நாளில் அரிப்பு அடங்குகிறது. கைகண்ட மருந்தென்று வாரக்கணக்கில் தொடர்கிறது. குளிசை முடிந்ததும் நிறுத்திவிடுகிறோம். ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது.

சிறுநீரகங்களை அடுத்து அதிரீனல் எனும் இரண்டு சிறு சுரப்பிகள் உள்ளன. நோயையும் அதிர்ச்சியையும் தாங்க உதவும் கோட்டிசோல் என்ற ஓமோனை அவையே சுரக்கின்றன. பிரெட்னிசொலோன் அதைப்போலச் செய்யப்பட்ட ஸ்டெரொயிட் மருந்து. வெளியிலிருந்து அது தாராளமாகக் கிடைத்தால், மூளை சுரப்பியை ஏவுவதைக் குறைத்துவிடும். வேலையற்ற சுரப்பி சுருங்கும். அந்நிலையில் குளிசையைச் சட்டென நிறுத்தினால் நாய் உண்ணாது, வாந்தியெடுக்கும், சோர்ந்து விழும். ஆகவே அளவை மிருக வைத்தியர் சொல்லும்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும். மறுபுறம், நீண்டகாலம் கூடுதலாகக் கொடுத்தாலும் தீங்குண்டு: ஓயாத தாகம், அதிக சிறுநீர், தொங்கும் வயிறு, முடி உதிர்தல்.

குளிசையே தொடாத நாய்க்கும் இச்சுரப்பி அழிவதுண்டு. பெரும்பாலும் உடலின் எதிர்ப்புச் சக்தியே அதைத் தாக்குகிறது. 1855ல் லண்டன் வைத்தியர் தோமஸ் அடிசன் மனிதரில் விபரித்ததால் இது அடிசன் நோய் எனப்படுகிறது. இளம் வயது, நடுவயதுப் பெண் நாய்களில் அதிகம். இதில் உப்பைக் காக்கும் அல்டோஸ்தெரோன் ஓமோனும் பொதுவாகக் குறைந்துவிடும். இரத்தத்தில் சோடியம் இறங்கி, பொற்றாசியம் ஏறி, இதயத் துடிப்பு மந்தமாகும். சோர்வும் வாந்தியும் வந்து வந்து போவதால் பூச்சி மருந்து கொடுத்துக் காலத்தைக் கடத்துகிறோம். கண்ணூறு கழிக்கிறவர்களும் உண்டு.

இதை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனை தேவை. பேராதனை மிருக வைத்திய பீடத்தில் போதனா வைத்தியசாலை இருக்கிறது. லுணுகலையிலிருந்து பசறை, பதுளை வழியாக அது ஒரு நாள் பயணம். சிகிச்சை ஆயுள் முழுவதும்: சிறிதளவு பிரெட்னிசொலோன், அதனுடன் உப்பைக் காக்க ஃபுளூட்ரோகோட்டிசோன் குளிசை அல்லது ஏறக்குறைய 25 நாளுக்கொரு ஊசி. ஒழுங்காகக் கிடைத்தால் நாய் வழமைபோல் வாழும். நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு இச்செலவு இலேசானதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். குளிசையை ஒழுங்காகக் குறைப்பதற்கோ செலவே இல்லை.

நாய் சரிந்து விழுந்தால் விடியும்வரை காத்திராதீர்கள். சேலைனும் ஸ்டெரொயிட் ஊசியும் உடனே ஏற்றப்பட வேண்டும். போகும்போது குளிசை உறையையும் எடுத்துச் செல்லுங்கள். எத்தனை நாள் கொடுத்தீர்கள், எப்போது நிறுத்தினீர்கள் என்று வைத்தியர் கேட்பார்.