தொடர்த் துறை இணைப்பில் தவறு கண்டறிதல்: மடிக்கணினியும் நுண்கட்டுப்படுத்தியும்

(உயர்தர மாணவர்களுக்கான செய்முறை வழிகாட்டி)

1. அறிமுகம்

மருதனார்மடத்தைச் சூழவுள்ள செம்மண் தோட்டங்களுக்குக் கிணற்று நீரே ஆதாரம். நிலத்தடியில் சுண்ணக்கல் இருப்பதால், அளவுக்கு மிஞ்சி நீர் இறைத்தால் கிணறு உவராகும் அபாயம் உண்டு. எனவே மண்ணின் ஈரத்தை அளந்து, தேவையான போது மட்டும் நீர் இறைக்க உதவும் கருவி ஒன்றை மாணவர் குழுவொன்று செயற்றிட்டமாக அமைக்கின்றது எனக் கொள்வோம். உணரியின் வாசிப்பை நுண்கட்டுப்படுத்தி தொடர்த் துறை வழியே மடிக்கணினிக்கு அனுப்ப வேண்டும். ஆனால் திரையில் எதுவும் தோன்றவில்லை.

இந்நிலையில் மாணவர் பலர் வடத்தை மாற்றி, செய்நிரலையும் திருத்தி, வேகத்தையும் மாற்றுவர். தற்செயலாக இணைப்பு இயங்கினாலும் தவறு எதுவென்பது தெரியாது. அடுத்த முறையும் அதே தவறு நேரும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சோதித்து, சரியானதை ஒதுக்கிக்கொண்டு செல்வதே முறை. செய்முறைப் பரீட்சையிலும் இந்த ஒழுங்கே கைகொடுக்கும்.

2. அறிந்திருக்க வேண்டியவை

ஆர்.எஸ்-232 நியமம் 1960 இல் வெளியானது. 1984 இல் வந்த ஐ.பி.எம். ஏ.டி. கணினியின் பின் 9 ஊசித் துறை பரவலாகியது. 1996 இல் யூ.எஸ்.பி. அறிமுகமானது, இன்றைய மடிக்கணினிகளிற் பெரும்பாலானவற்றில் 9 ஊசித் துறை இல்லை. எனவே யூ.எஸ்.பி.-தொடர் மாற்றி தேவை. ஆர்டுயினோ ஊனோ பலகையில் இம்மாற்றி பலகையிலேயே உள்ளது.

தரவு சட்டகங்களாகச் செல்லும். வழக்கமான 8-என்-1 அமைப்பில் ஒரு தொடக்க பிட்டு (0), 8 தரவு பிட்டுகள், ஒரு முடிவு பிட்டு (1) என மொத்தம் 10 பிட்டுகள் உண்டு. சமநிலை பிட்டு இல்லை. 9600 பௌட் வீதத்தில் ஒரு பிட்டின் காலம் ஏறத்தாழ 104 மைக்குரோ செக்கன். செக்கனுக்கு ஆகக்கூடியது 960 எழுத்துகள் செல்லும்.

இரு முனைகளுக்கும் பொதுவான கடிகாரக் கம்பி இல்லை. ஆகவே இரண்டும் ஒரே வேகத்தில் அமைதல் கட்டாயம்.

3. சோதிக்கும் ஒழுங்கு

படி 1: வடம். கைத்தொலைபேசிக்கு மின்னேற்ற மட்டும் பயன்படும் சில வடங்களில் தரவுக் கம்பிகள் இல்லை. பலகையின் விளக்கு எரியும். ஆனால் கணினிக்குப் பலகை தெரியாது. எனவே விளக்கு எரிவது மின் வருவதற்கு மட்டுமே சான்று.

படி 2: துறையும் சாதன இயக்கியும். விண்டோசில் சாதன முகாமையாளரைத் திறந்து, வடத்தைச் செருகும் போதும் கழற்றும் போதும் "கொம்" இலக்கம் ஒன்று தோன்றி மறைகின்றதா எனப் பார்க்க. தோன்றாவிடின் வடமோ இயக்கியோ காரணம். மாற்றியில் உள்ள சில்லு எதுவென அறிந்து (சி.எச்.340, எஃப்.டி.232, பி.எல்.2303 போன்றவை) அதற்குரிய இயக்கியை நிறுவுக. போலிச் சில்லும் தடையாகலாம்: 2014 இல் எஃப்.டி.டி.ஐ. நிறுவனத்தின் புதிய இயக்கி, போலிச் சில்லுகளின் அடையாள எண்ணைச் சுழியமாக்கியதால் அவை கணினியில் இயங்காமற் போயின.

ஒரு துறையை ஒரு நேரத்தில் ஒரு செய்நிரலே திறக்கலாம். "அனுமதி மறுக்கப்பட்டது" என வந்தால் வேறொரு சாளரம் அத்துறையைப் பிடித்திருக்கின்றதா எனப் பார்க்க.

படி 3: மீள்சுற்றுச் சோதனை. நுண்கட்டுப்படுத்தியைக் கழற்றிவிட்டு, மாற்றியின் அனுப்பும் ஊசியை (டி.எக்ஸ்) அதன் பெறும் ஊசியுடன் (ஆர்.எக்ஸ்) ஒரு கம்பியால் இணைக்க. தட்டச்சுச் செய்யும் எழுத்துகள் அப்படியே திரும்பி வந்தால் கணினி, இயக்கி, வடம், மாற்றி ஆகிய நான்கும் சரி. வராவிட்டால் நுண்கட்டுப்படுத்தியின் செய்நிரலைத் தொடத் தேவையில்லை.

படி 4: கம்பித் தொடுப்பு. ஒன்றின் டி.எக்ஸ் மற்றதன் ஆர்.எக்ஸ் உடன் குறுக்காக இணைய வேண்டும். இரண்டின் புவி ஊசிகளும் கட்டாயமாக இணைய வேண்டும். ஊனோ பலகையில் 0, 1 ஆம் ஊசிகள் யூ.எஸ்.பி. மாற்றியுடன் பகிரப்படுவதால், அவற்றில் வேறு கருவி இணைந்திருப்பின் செய்நிரலைப் பதிவேற்றுவது தடைப்படலாம்.

படி 5: வோல்ற்றளவு. ஆர்.எஸ்-232 இல் தருக்கம் 1 என்பது −3 முதல் −15 வோல்ற்று வரை. தருக்கம் 0 என்பது +3 முதல் +15 வோல்ற்று வரை. நுண்கட்டுப்படுத்தியில் 0 உம் 5 வோல்ற்றும் (அல்லது 3.3) மட்டுமே. 9 ஊசித் துறையை நேரடியாக இணைத்தால் சில்லு எரியலாம். இடையில் மக்ஸ்232 போன்ற மட்டம் மாற்றும் சில்லு வேண்டும். 5 வோல்ற்று டி.எக்ஸ் ஐ 3.3 வோல்ற்றுச் சில்லின் ஆர்.எக்ஸ் உடன் இணைக்கும் போது 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் தடைகளாலான அழுத்தப் பிரிப்பி போதும். 2 கிலோ ஓம் தடைக்குக் குறுக்கே வெளியீடு எடுக்கப்படும்:

5 × 2 ÷ (1 + 2) = 3.33 வோல்ற்று

4. பௌட் வீதப் பிழையைக் கணித்தல்

செய்நிரலில் 9600 என எழுதினாலும் சில்லு சரியாக 9600 ஐத் தருவதில்லை. கடிகார மீடிறனை முழு எண்ணால் வகுத்தே அது வேகத்தைப் பெறுகின்றது. 16 மெகாஹேட்ஸ் கடிகாரமும் 16 மடங்கு மாதிரியெடுப்பும் கொண்ட சில்லைக் கொள்வோம்.

(அ) 9600 இற்கு: 16 000 000 ÷ (16 × 9600) = 104.17. கிட்டிய முழு எண் 104. உண்மை வேகம் 9615. பிழை +0.16%.

(ஆ) 115 200 இற்கு: 16 000 000 ÷ (16 × 115 200) = 8.68. கிட்டிய முழு எண் 9. உண்மை வேகம் 111 111. பிழை −3.5%.

பெறுமுனை ஒவ்வொரு பிட்டையும் அதன் நடுவில் வாசிக்கும். தொடக்க பிட்டின் ஆரம்பத்திலிருந்து முடிவு பிட்டின் நடு வரை 9.5 பிட்டுக் காலங்கள். அதற்குள் விலகல் அரைப் பிட்டை எட்டினால் வாசிப்பு பிழைக்கும். ஆகவே இரு முனைகளின் வேக வேறுபாட்டுக்கான எல்லை 0.5 ÷ 9.5, அதாவது ஏறத்தாழ 5%. நடைமுறையில் 2% இற்குள் வைத்திருப்பது பாதுகாப்பானது. 11.0592 மெகாஹேட்ஸ் பளிங்கு இருந்தால் மேலுள்ள வகுத்தல்கள் 72, 6 என முழு எண்களாகவே அமையும்; பிழை இல்லை.

5. அறிகுறியும் காரணமும்

• எதுவும் வரவில்லை: வடம், இயக்கி, டி.எக்ஸ்-ஆர்.எக்ஸ் மாறியமை.
• பொருளற்ற எழுத்துகள்: வேக வேறுபாடு, மட்டம் தலைகீழாதல்.
• இடையிடையே தவறும் எழுத்துகள்: புவித்தொடுப்புத் தளர்வு, வேகப் பிழை.
• சாளரத்தைத் திறக்கும் போது ஊனோ பலகை மீண்டும் தொடங்குதல்: தவறன்று, துறை திறக்கப்படும் சைகையால் பலகை மீளமைகின்றது.

6. மாதிரி வினா

மீள்சுற்றுச் சோதனை வெற்றியளித்தது. நுண்கட்டுப்படுத்தியை இணைத்ததும் பொருளற்ற எழுத்துகளே வருகின்றன. பௌட் வீதம் சரியென முடிவு செய்யலாமா? காரணம் தருக.

விடை: முடிவு செய்ய முடியாது. மீள்சுற்றில் அனுப்புவதும் பெறுவதும் ஒரே மாற்றியே. எந்த வேகத்தை அமைத்தாலும் இரண்டும் ஒத்திருக்கும். எனவே அச்சோதனை வேக வேறுபாட்டைக் காட்டாது. முதலில் இரு முனைகளின் பௌட் வீதத்தை ஒப்பிட வேண்டும். அவை சமமாயின் பொதுப் புவியையும், பின்னர் வோல்ற்று மட்டத்தையும் சோதிக்க வேண்டும்.

நினைவிற் கொள்க: ஒவ்வொரு சோதனையும் எதைச் சரியெனக் காட்டுகின்றது என்பதுடன், எதைக் காட்டாது என்பதையும் எழுதினால் விடை முழுமை பெறும். தோட்டத்தில் உள்ளவர் அக்கருவியின் வாசிப்பை நம்பியே நீர் இறைப்பார். பிழையான வாசிப்பைவிட வாசிப்பே இல்லாதிருப்பது மேல்.