உமிச்சாம்பலும் உப்புக்காற்றும்

கல்முனைக் கடற்கரைப் பக்கம் ஒரு பழைய மதில் தூணை உற்றுப் பாருங்கள். நீளவாக்கில் வெடிப்பு, அதன் வழியே செந்நிறக் கசிவு. உள்ளே கம்பி கறள் பிடித்துவிட்டது. கறளுக்கு இரும்பைவிடப் பலமடங்கு இடம் வேண்டும். கொங்கிறீட்டைப் பிளந்துகொண்டுதான் வெளியே வரும்.

நல்ல கொங்கிறீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கு ஒரு காவல் உண்டு. சீமெந்தின் காரத்தன்மையால் கம்பியைச் சுற்றிப் படியும் ஒட்சைட்டுப் படலம் அது. தடிப்பு சில நானோமீற்றர்தான். ஒரு மில்லிமீற்றரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வருவது ஒரு நானோமீற்றர். கடல் உப்பின் குளோரைட்டு வந்து சேர்ந்தால் அந்தப் படலம் உடைகிறது. எப்படி வந்து சேர்கிறது? காய்ந்த சீமெந்து பார்வைக்குக் கல். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் கடற்பஞ்சு. குழைக்க இலகு என்று மேசன் கூடுதலாக ஊற்றிய தண்ணீர், காய்ந்து போகும்போது விட்டுச் சென்ற துளைகள்தாம் உப்புக்குப் பாதை.

அந்தத் துளைகளை அடைக்கும் பொருள் சம்மாந்துறை அரிசி மில்களின் பின்பக்கம் கிடக்கிறது. 1000 கிலோ நெல்லில் சுமார் 200 கிலோ உமி. எரித்தால் சுமார் 40 கிலோ சாம்பல். அதில் பெரும்பகுதி, நெற்பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சிய சிலிக்கா. சீமெந்து இறுகும்போது வெளிவந்து சும்மா கிடக்கும் சுண்ணாம்பை இந்தச் சிலிக்கா பிடித்துக்கொள்கிறது. சீமெந்துக்குப் பலம் தரும் அதே பசை இன்னும் கொஞ்சம் விளைகிறது. துளைகள் சுருங்கி, ஒன்றோடொன்று தொடர்பறுகின்றன. 1970களிலேயே கலிபோர்னியாவின் பேர்க்லியில் பி. குமார் மேத்தா இதை ஆராய்ந்திருக்கிறார்.

அப்படியென்றால் செங்கல் வாடியில் எரிந்த உமிச்சாம்பலை அள்ளிக் கொட்டலாமா? கூடாது. சுமார் 700 பாகை செல்சியசுக்குள் அடக்கி எரித்த சாம்பலில் அணுக்கள் ஒழுங்கின்றிக் கிடக்கும். சுண்ணாம்போடு அவை எளிதில் கூடும். அதற்கு மேல் நெடுநேரம் எரிந்தால் அணுக்கள் வரிசைகட்டிப் பளிங்காகிவிடும். அதே சிலிக்காதான், ஆனால் மணலைப் போலச் செயலற்றுக் கிடக்கும். நிறத்தை நம்பவும் முடியாது: வெள்ளைச் சாம்பல் அளவுமீறி வெந்ததாக இருக்கலாம், கறுப்புச் சாம்பலில் எரியாத கரி தண்ணீரைக் குடிக்கும். எக்ஸ்-கதிரில் பார்த்தால்தான் உள்ளமைப்பு தெரியும்.

நல்ல சாம்பலையும் மாவாக அரைத்து, சீமெந்தில் பத்திலொரு பங்கு அளவுக்குப் பதிலாகச் சேர்ப்பதே வழக்கம். அது மெதுவாக வேலை செய்வதால் ஈரச்சாக்குப் போட்டு ஒரு கிழமைக்கு மேலாவது நனைக்க வேண்டும். குழைக்கிற தண்ணீர் கடற்கரை உவர்க் கிணற்றினது என்றால் இத்தனையும் வீண்; உப்பு வெளியிலிருந்து வரத் தேவையே இல்லை.